எமல்ஷன் டப்பாவைத் திறக்கும் முன்: நம் சபைக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

சபைக் கமிட்டியினருக்கு,

ஈஸ்டருக்கு முன் ஆலயத்தை அழகுபடுத்துவதாக நீங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தை அறிவிப்புப் பலகையில் வாசித்தோம். உள்சுவர் முழுக்க வெள்ளை எமல்ஷன் பெயின்ட். மேற்குச் சுவரின் அடியில் ஈரம் ஏறும் இடத்தில் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட். நடுநடையில் சிவப்புக் கம்பளம். பின்வரிசைப் பெஞ்சுகளைக் கழற்றி விற்பது. இதையெல்லாம் சபை வாலிபர்கள் இரண்டு சனிக்கிழமைகளில் முடித்துவிடுவார்கள் என்றும் போட்டிருக்கிறீர்கள். இந்த நான்கில் மூன்றை ஒருமுறை செய்துவிட்டால் பிறகு யாராலும் பழையபடி ஆக்க முடியாது. அதனால்தான் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்வதோடு விடாமல் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறோம்.

முதலில் உரிமையைப் பற்றிப் பேசிவிடுவோம். நாம் இங்கிலாந்துத் திருச்சபைக்குச் சொந்தமான இந்தப் பழைய ஆலயத்தில் ஞாயிறு மதியம் வாடகைக்குக் கூடும் சபை. கட்டிடத்தைப் பழுதுபார்க்கும் கடமை ஆலயத்தின் சொந்த நிர்வாகக் குழுவான பாரிஷ் மன்றத்துடையது. தரையோடு பொருத்திய பெஞ்சு கட்டிடத்தின் ஒரு பகுதி. அசையும் பொருட்களோ ஆலயப் பொறுப்பாளர்களான சர்ச் வார்டன்களின் பெயரில் இருப்பவை. எப்படிப் பார்த்தாலும் விற்பதற்கு நமக்கு எதுவும் இல்லை. பாரிஷ் மன்றம்கூடத் தன் இஷ்டத்துக்கு எதையும் செய்துவிட முடியாது. இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயங்களுக்கு ஃபேகல்ட்டி என்ற அனுமதி முறை இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு விதிகளின்படி சின்னச் சின்னப் பராமரிப்பு வேலைகள் 'ஏ' பட்டியலில் வரும். அவற்றை அப்படியே செய்யலாம். 'பி' பட்டியல் வேலைகளுக்கு, பிஷப்பின் கீழ் இந்தப் பகுதி ஆலயங்களைக் கவனிக்கும் மூத்த குருவான ஆர்ச்டீக்கனின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் டயோசிஸ் என்ற திருமண்டலத்தின் ஆலோசனைக் குழுவிடம் கருத்துப் பெற்று, ஆலய வாசலில் 28 நாள் அறிவிப்பு ஒட்டி, டயோசிஸ் நீதிபதியான சான்சலரின் உத்தரவு வாங்க வேண்டும். வாங்காமல் செய்தால், செய்ததைப் பழையபடி ஆக்கும்படியும் அதற்கான செலவைச் செய்தவர்களே கட்டும்படியும் சான்சலரின் நீதிமன்றம் உத்தரவிட முடியும்.

"வார்டன் அம்மாவிடம் சொன்னோம், 'லவ்லி' என்றார்" என்கிறீர்கள். அது சம்மதம் ஆகாது. பாரிஷின் காலை ஆராதனைக்கு வரும் வயதானவர்கள் பத்துப் பதினைந்து பேரும், வாடகையால் ஆலயத்தைத் திறந்து வைத்திருக்க உதவும் நம்மிடம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லத் தயங்குகிறவர்கள். அந்தத் தயக்கத்தை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்வது நமக்கு அழகில்லை.

இனி சுவர். அது வெறும் அழுக்கு வெள்ளை என்று நினைக்கிறீர்கள். மத்தியகால இங்கிலாந்தில் பாரிஷ் ஆலயங்களின் உட்சுவரில் படம் வரைவது சாதாரண வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாத சபைக்கு நியாயத்தீர்ப்பு, கிறிஸ்தோபர், பரிசுத்தவான்களின் பாடுகள் எல்லாம் சுவரிலேயே இருந்தன. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தின்போது, ஆறாம் எட்வர்ட் மன்னரின் ஆட்சியில், 1547 முதல், அவற்றின் மேல் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார்கள். பிறகு அந்த வெள்ளையின் மேல் வேத வசனங்களும் அரச சின்னமும் எழுதப்பட்டன. அவற்றின் மேலும் சுண்ணாம்பு ஏறியது. அழிப்பதற்காக அடித்த அந்தச் சுண்ணாம்புதான் பல இடங்களில் படத்தைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

க்ராய்டனுக்குத் தெற்கே, காரில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய சால்டனில், மேற்குச் சுவரில் ஏறத்தாழ 17 அடி நீளம், 11 அடி உயரத்தில் ஒரு சிவப்புக் காவி ஓவியம் இருக்கிறது. ஆத்துமாக்கள் ஏறியும் விழுந்தும் கொண்டிருக்கும் ஓர் ஏணி. 1200-ஐ ஒட்டி வரைந்தது. 1869-ல் வெள்ளைப்பூச்சுக்குக் கீழே நிறம் தெரிவதைக் கவனித்த பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரிய வந்தது. சஃபோக்கின் வென்ஹாஸ்டனில் கதை இன்னும் மோசம். 1892-ல் ஆலயத்தைப் புதுப்பித்தவர்கள், வளைவின் மேலிருந்த சுண்ணாம்பு அடித்த பலகைகளைக் குப்பை என்று கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். இரவு மழை சுண்ணாம்பைக் கழுவிவிட்டது. காலையில் பார்த்தால் நியாயத்தீர்ப்பு ஓவியம். அங்கே மழை காப்பாற்றியது. எமல்ஷன் அடித்த சுவரை எந்த மழையும் காப்பாற்றாது.

காரணம் இது. சுண்ணாம்புப் பூச்சு தண்ணீராவியை உள்ளும் புறமும் விடும். எமல்ஷன் ஒரு பிளாஸ்டிக் தோல் மாதிரி மேலே படியும். தூள்தட்டும் சுண்ணாம்பின் மேல் அது சரியாகப் பிடிக்காது. சுவருக்குள் இருக்கும் ஈரம் அதன் பின்னால் தேங்கி, இரண்டு மூன்று குளிர்காலத்தில் கொப்புளம் கொப்புளமாக உரியும். உரியும்போது சும்மா உரியாது. கீழே இருக்கும் சுண்ணாம்பு அடுக்குகளையும், அவற்றுக்குள் படம் இருந்தால் அதன் நிறத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். நம் ஆலயத்தின் வடக்குச் சுவரில் கிழக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் பூச்சு உதிர்ந்த இடத்தைப் பாருங்கள். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் ஒளி விட்டால் அடுக்குகள் தெரியும். அடியில் காவி நிறக் கோடு ஒன்றும் தெரிகிறது. அது ஓவியமா, பிரதிஷ்டைச் சிலுவையா, வெறும் பட்டைக் கோடா என்று சொல்ல வேண்டியவர் சுவரோவியப் பாதுகாப்பு வல்லுநர். மத்தியகாலத்தில் ஆலயத்தை அபிஷேகம் பண்ணும்போது பிஷப் உள்ளே 12 இடத்திலும் வெளியே 12 இடத்திலும் எண்ணெய் பூசுவார். அந்த இடங்களில் சிலுவை வரைவது வழக்கம். அவற்றில் ஒன்றாக இருக்கவும் கூடும். நீங்களோ நாங்களோ கரண்டியால் சுரண்டிப் பார்க்கவே கூடாது.

எமல்ஷன் அடிக்கும் முன் தூண்களை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதாகவும் கேள்விப்பட்டோம். ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் ஆஷ்வெல் ஆலயக் கோபுரத்தின் உட்சுவரில் யாரோ லத்தீனில் கீறி வைத்திருக்கிறார்கள்: 1350-ல் கொள்ளைநோய், பரிதாபமான, கொடிய, மூர்க்கமான காலம், மிச்சம் பிழைத்திருப்பது ஜனத்தின் கசடு மட்டும் என்று. கூடவே 1361-ல் அடித்த பெரும் புயலையும் பதிந்திருக்கிறார்கள். நம் காலண்டர்ப்படி அது 1362 ஜனவரி. கறுப்பு மரணம் என்ற அந்தக் கொள்ளைநோயைக் கண்ணால் கண்டவர்களின் குரல் ஒரு கிராமத்துக் கோபுரத்தில், கூர்மையான ஏதோ ஒன்றால் கீறிய கீறலில் நிற்கிறது. நம் தூண்களிலும் காம்பஸால் போட்ட ஆறிதழ்ப் பூக்கள் இரண்டு இருக்கின்றன; பலரும் அவற்றைத் தீயதை விலக்கும் குறிகள் என்கிறார்கள். எண்பதாம் நம்பர் தாளில் நாலு தேய்ப்புக்கு அவை தாங்காது.

சுவர் வெளுப்பாகத்தான் வேண்டும் என்றால், வல்லுநர் பார்த்து ஒப்புக்கொண்ட பகுதியில் சுண்ணாம்பே அடிக்கலாம். நமக்கு இது புதிதா என்ன? பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தவர்கள் சபையில் பாதிப்பேர். பாலைப் போலக் கரைத்து, சுவரை முதலில் நனைத்து, பிரஷ்ஷால் மெல்லிசாக நான்கைந்து கோட். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி. அடித்தவுடன் கண்ணாடி மாதிரி ஒன்றுமே தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும். அவசரப்பட்டுக் கெட்டியாக அடித்தால் தூளாக உதிரும். 5 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கும் நாட்களில் தொடவே கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

மேற்குச் சுவர் ஈரத்துக்கு வருவோம். இதில்தான் எங்களுக்கு அதிக வருத்தம். நோய் எங்கே என்று பார்க்காமல் கட்டுப் போடப் பார்க்கிறீர்கள். கருங்கற்சில்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய இந்தச் சுவர்கள் நனையும், காயும். காய்வது சாந்தின் வழியாகவும் பூச்சின் வழியாகவும். போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை எடுத்ததே 1824-ல். இந்தச் சுவருக்கு அது அறிமுகமில்லாத பொருள். சிமென்ட் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் சுவருக்குள் இன்னும் மேலே ஏறும்; இன்று இரண்டடி உயரத்தில் இருக்கும் கறை நாலடிக்குப் போகும். மூலையில் இருக்கும் மிருதுவான வெட்டுக்கல்லின் வழியாக வெளியேறப் பார்த்து, அங்கே உப்பாகப் பூத்து, பனியில் உறைந்து, கல்லின் முகத்தையே தட்டுத் தட்டாகப் பெயர்க்கும். சாந்து எப்போதும் கல்லைவிட மெலிந்ததாக இருக்க வேண்டும், தேய வேண்டியது சாந்துதான் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. தெற்கு வாசல் பக்கம் முன்பு யாரோ சிமென்டால் சந்து பூசியிருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். சிமென்ட் கோடுகள் அப்படியே துருத்திக்கொண்டிருக்கின்றன, கல் ஒரு விரல்கடை உள்ளே போய்விட்டது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அறிய மழை பெய்யும்போது வெளியே போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். மேற்குப் பக்க வார்ப்பிரும்புக் குழாயின் பின்பக்கத்தை ஒரு கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: சுவரைப் பார்த்த பக்கத்துக்குப் பெயின்ட் பிரஷ் போனதே இல்லை, துருப்பிடித்து நீளவாக்கில் பிளந்திருக்கிறது. மேலே கூரை நீர் வந்து விழும் பெட்டியில் புறாக் கூடு. கீழே வடிகாலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினோம், இறங்கவில்லை. போதாததற்கு, பல நூற்றாண்டு அடக்கத்தால் கல்லறைத் தோட்டத்து மண் உயர்ந்து, அந்தப் பக்கம் வெளித்தரை உள்தரையைவிட மேலே இருக்கிறது. குறைந்தது 150 மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். மண்ணை அள்ள உடனே மண்வெட்டியோடு கிளம்பிவிடாதீர்கள். சுவரோரம் தோண்டினால் எலும்பு வரும், தொல்லியலாளர் பார்வையில் அனுமதியோடுதான் தோண்ட வேண்டும். குழாயும் வடிகாலும் சரியான பிறகு சுவர் காய மாதங்கள் பிடிக்கும், தடித்த சுவருக்கு வருஷமும் ஆகலாம். காய்ந்த பிறகு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு கூர்மணல், ஆட்டு முடி சேர்த்த பூச்சு. பொறுமையாகச் செய்தால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சே வராது.

ஈரத்தில் நம் பங்கும் இருக்கிறது. குளிருக்கு நாம் ஓட்டும் அந்தச் சக்கரம் வைத்த கேஸ் ஹீட்டர்களுக்குப் புகைபோக்கி கிடையாது. 15 கிலோ பியூட்டேன் எரிந்து தீரும்போது ஏறத்தாழ 23 லிட்டர் தண்ணீர் ஆவியாக உள்ளேயே கலக்கிறது. குளிர்ந்த கல்லிலும் கண்ணாடியிலும் அது வியர்த்து வழிகிறது. ஆராதனை முடிந்து கதவைப் பூட்டிவிட்டுப் போகிறோம். வாரம் முழுக்கச் சுவர் நனைந்து கிடக்கிறது. "சுவர் ஈரம் கசிகிறது" என்று நீங்கள் சொல்லும் கிழக்குப் பக்கக் கறையில் பாதி இதுதான் என்பது எங்கள் கணிப்பு. பெஞ்சுக்கு அடியில் பொருத்தும் மின்சார ஹீட்டருக்கு மனுக் கொடுங்கள், ஆதரிக்கிறோம்.

கம்பளம். நடுநடையில் நாம் மிதித்துக்கொண்டு போகும் கறுப்புப் பலகைக்கற்கள் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுக் கல்லறைகளின் மூடி. ஒவ்வொன்றிலும் பெயர், வயது, யாருடைய மனைவி, எந்த ஊர் என்று செதுக்கியிருக்கிறது. இங்கிலாந்தில் அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு தொடங்கியதே 1837 ஜூலையில். அதற்கு முந்தைய பாரிஷ் பதிவேட்டில் பக்கம் தொலைந்திருந்தால் இந்தக் கல்தான் மிஞ்சிய சாட்சி. பீடம் இருக்கும் பகுதியான சான்சலின் படிக்கு முன்னால் பித்தளைத் தகட்டு உருவம் ஒன்றும் பதித்திருக்கிறது. நீங்கள் விலை கேட்டிருக்கும் கம்பளத்துக்கு அடியில் ரப்பர் நுரை. தரையிலிருந்து எழும் ஈரம் அதில் மாட்டிக்கொள்ளும்; தகடு பச்சையாக அரிக்கும், கல் அடுக்கடுக்காகப் பெயரும். இடையில் புகும் மணல் எல்லாரும் நடக்க நடக்க உப்புத்தாள் வேலை செய்யும். பாட்டிமார் வழுக்கி விழாமல் இருக்கத்தான் கம்பளம் என்றால் அது நியாயமான காரணம். ரப்பர் இல்லாத, காற்றுப் போகும் நெசவு விரிப்பை ஆராதனைக்கு மட்டும் விரித்து, முடிந்ததும் சுருட்டி வைக்கலாம். வாசலில் மண்ணைத் தட்டிவிட நல்ல மிதியடி போடலாம். தகட்டுக்கு பிராஸோ பாலிஷ் போட்டுத் தேய்ப்பவர் யார் என்று தெரியும், பெயர் எழுதவில்லை. அன்பாகத்தான் செய்கிறார். ஒவ்வொரு தேய்ப்பிலும் செதுக்குக் கோடு கொஞ்சம் போகிறது. மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

குருவானவர் உடை மாற்றும் அறையான வெஸ்ட்ரியில் மைக் வயரெல்லாம் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்தப் பழைய ஓக் பெட்டி. அதில் ஏன் மூன்று பூட்டு என்று யாராவது யோசித்தீர்களா? 1538-ல் தாமஸ் குரோம்வெல் உத்தரவுப்படி ஒவ்வொரு பாரிஷிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எழுதத் தொடங்கினார்கள். பதிவேட்டை வைக்கப் பூட்டுள்ள பெட்டி வேண்டும் என்றார்கள். 1603-ஆம் ஆண்டுத் திருச்சபை விதிகள் பூட்டை மூன்றாக்கின: குருவானவரிடம் ஒரு சாவி, இரண்டு வார்டன்களிடமும் ஒவ்வொன்று. மூன்று பேரும் சேராமல் யாரும் திறக்க முடியாது. பழைய பதிவேடுகள் கவுன்ட்டி ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டன, பெட்டி மட்டும் நம்மிடம் இருக்கிறது. அதன் மூடியில் எக்ஸ்டென்ஷன் போர்டைத் திருகி மாட்டியிருக்கிறீர்கள். ஓக் மரத்தில் இரும்புத் திருகு ஈரத்தோடு சேர்ந்தால் கறுப்பாகக் கறை ஓடும். ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டது.

பெஞ்சு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பின்வரிசை விக்டோரியா காலத்துப் பைன் பலகை, அசௌகரியம், சக்கர நாற்காலிக்கு இடமில்லை. ஆனால் முன்வரிசை ஓரங்களில் இருக்கும் பூமுடி செதுக்கிய ஓக் பலகைகள் அவற்றைவிட மிகப் பழையவை, அவற்றைத் தொடாதீர்கள். பின்வரிசைக்கு முறையாக மனுப் போடுங்கள்: கட்டிடத்தின் சிறப்பைச் சொல்லும் அறிக்கை ஒன்று, தேவையைச் சொல்லும் அறிக்கை ஒன்று, அளவோடு வரைபடம், படங்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்ற கணக்கு. விக்டோரியா காலத்துக் கட்டிடங்களைக் காக்கும் விக்டோரியன் சொசைட்டி ஆட்சேபிக்கலாம். நாம் குப்பை என்பதற்காக இங்கே ஒரு சங்கமே கடிதம் எழுதும், அதற்கும் பதில் சொல்லத் தயாராக இருங்கள். பெஞ்சு மேடைக்கு அடியில் வெற்றிடம் இருக்கும், கழற்றினால் தரை சமமாக இருக்காது. அந்தச் செலவை உங்கள் மதிப்பீட்டில் காணோம்.

கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கவிட உத்தரத்தில் ஆணி அடிப்பதும், சுவரில் செல்லோடேப் ஒட்டுவதும், குத்துவிளக்கை வெறும் கல்லறைக் கல்லின் மேல் வைப்பதும் சின்ன விஷயம்தான். கல்லுக்குள் இறங்கிய எண்ணெய் மட்டும் வெளியே வராது. விளக்குக்கு அடியில் மணல் பரப்பிய அகலத் தட்டு வையுங்கள்.

எங்கள் கோரிக்கைகள். எமல்ஷன், சிமென்ட் வேலைகளைக் கைவிட்டதாக வரும் ஞாயிறு ஆராதனைக்கு முன் எழுத்தில் அறிவியுங்கள். கம்பளத்துக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள், பெஞ்சு விளம்பரத்தை எடுங்கள். பாரிஷ் மன்றத்தோடு ஒரு கூட்டம் போட்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டிடக் கலைஞர் எழுதும் ஆய்வறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கிச் சபையில் வாசியுங்கள். மேற்குக் குழாய் அதில் அவசரப் பட்டியலில் இருக்கும் என்று நம்புகிறோம். வடக்குச் சுவரை வல்லுநர் பார்ப்பதற்கும் அந்தக் குழாயை மாற்றுவதற்கும், பெயின்டுக்கும் கம்பளத்துக்கும் ஒதுக்கிய பணத்தைப் பாரிஷ் மன்றத்திடம் கொடுங்கள். கேஸ் ஹீட்டர்களை இந்த வாரமே வெளியேற்றுங்கள். பெட்டியைக் காலிசெய்து, எக்ஸ்டென்ஷன் போர்டைக் கழற்றுவதற்கு முன் வார்டனிடம் காட்டுங்கள்.

வாலிபர்களின் இரண்டு சனிக்கிழமைகளும் வீணாக வேண்டாம். ஒன்றை இலையுதிர் காலம் முடிந்ததும் நவம்பர் கடைசியிலும், இன்னொன்றை வசந்தத்திலும் வைத்து, தரையிலிருந்து எட்டும் வடிகால்களையும் குழாய் அடிகளையும் சுத்தம் செய்ய ஏற்பாடு பண்ணுங்கள். பிளாஸ்டிக் கரண்டி, மெல்லிய துடைப்பம், ரப்பர் கையுறை போதும். ஏணியில் ஏறும் வேலையையும் ஈயக் கூரையையும் பாரிஷ் மன்றம் அமர்த்தும் ஆளிடம் விடுங்கள். முதல் சனிக்கிழமைக்கு வாளியும் கைக்கண்ணாடியும் நாங்கள் கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
ஆலயப் பராமரிப்பில் உதவும் சபையார் சிலர்